பதினேழும் பத்தொன்பதும்

படுக்கையறைச் சுவரில் இரண்டு சதுரம்.
இடது பதினேழு, வலது பத்தொன்பது.
அட்டையில் பெயர்களும் உண்டு,
ஒன்று தேன்மணல், மற்றது மணல்தேன் என்கிற மாதிரி
யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு யோசித்தவை.
நான் எண்ணையே சொல்கிறேன்.

ஜெலுத்தோங் கடையில் தியோ
குச்சியால் கலக்கி, மூடியில் ஒரு விரல் தடவி,
முடி உலர்த்தும் மிஷினைப் பிடித்துக் காய வைத்தார்.
ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதே என்றார் மலாயில்,
காய்ந்தால்தான் பேசும்.
எனக்குத் தெரியும் அது.
தண்ணீர்மலை ஏறும்போது இட்ட சந்தனம்
இறங்கும்போது
வேறு யாருடைய நெற்றியிலோ இருப்பதுபோல் இருக்கும்.
"பதினெட்டு இல்லையா?"
"நிறுத்திட்டாங்க. யாரும் கேட்கல."

மாலை ஆறரை.
ஒன்பதாவது மாடி ஜன்னலில்
மலைக்குப் போகிற வெயில் ஒரு நிமிடம் நின்று
சுவரைத் தொடும்.
அப்போது பதினேழு, பழுத்த பப்பாளியின் விதைப்பக்கம்.
பத்தொன்பது, டின் பால் கூடிப்போன தே தாரே.
குருடருக்கும் தெரியும் என்று
சுவரிடமே சொன்னேன்,
வீட்டில் வேறு ஆள் இல்லை.
ஆறு மணிக்கே குணாளனை
பாயான் லெப்பாஸ் பஸ் எடுத்துக்கொண்டு போய்விடும்.

காலை எட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும்.
பன்னிரண்டு மணி நேரம்
வெள்ளை உடுப்பில், வெள்ளை விளக்கின் கீழ்
நகம் அளவு சில்லில்
மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற கண்.
அந்தக் கண்ணால் பார்த்துச் சொன்னான்:
"ரெண்டும் ஒண்ணுதான்."

கோபப்படவில்லை என்று எழுத ஆசை.
சாப்பாட்டு டப்பாவைச் சத்தம் போட்டு மூடினேன்.
கிளினிக்கில் அன்று
மூன்று பேருடைய பிறந்த தேதியைத் தப்பாகப் பதிந்தேன்.
மதியம் இரண்டரைக்கு, தூக்கம் கெட்டு எழுந்து,
படம் அனுப்பியிருந்தான்.
படத்தில் இரண்டும் சாம்பல்.
"இதுல எது உன்னோடது?"
"இடது."
"எந்த இடது? படுத்துக்கிட்டு எடுத்தேன்."

ஒரே கட்டில், ஒரே தலையணை.
நான் எழுந்த பள்ளத்தில் அவன் படுப்பான்,
அவன் சூடு ஆறுவதற்குள் நான்.
வங்கித் தாளில் இரண்டு கையெழுத்து.

ஆளுநர் பிறந்தநாள் விடுமுறையில்
அவனுக்கும் ஓய்வு விழுந்தது.
ஆறரைக்குக் காட்டுகிறேன் பார் என்று
ஐந்துக்கே கட்டிலில் உட்கார வைத்தேன்.
அன்றைக்கென்று பிடித்தது மழை.
மலையைக் காணோம்.
எதிர் பிளாட்டில் மூங்கில் கழியோடு துணிகளை
உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.
ஆறரை வந்தது, போனது.
சுவரில் இரண்டு சதுரம்,
நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில்.
எனக்கே எது எது என்று தெரியவில்லை.
அதைச் சொல்லவில்லை.

அவன் எழுந்துபோய்
ஒன்றை விரல் நுனியால் தடவினான்,
மூக்கு படுகிற அளவு கிட்டத்தில் நின்று
மற்றதையும்.
"இது. இது கொஞ்சம் அசந்த மாதிரி இருக்கு.
பகல்ல தூக்கம் வரும்."
கை பத்தொன்பதில் இருந்தது.
"அன்னிக்கு ஒண்ணுன்னியே?"
"அன்னிக்கு யாரு பார்த்தா."

சனிக்கிழமை தியோ கேட்டார், எது?
பதினேழு என்றேன், பத்தொன்பது என்றான்,
ஒரே மூச்சில்.
மிஷினை அணைத்தார் தியோ.
சோறு சாப்பிட்டு வருகிறேன்,
அதுவரை பேசிக்கொள்ளுங்கள் என்று
இரண்டு அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு
உள்ளே போனார்.

அஞ்சடியில் நின்று
வெயிலில் நீட்டிப் பார்த்தோம்.
வெயிலில் அவை வேறு எதுவோ.
அவன் பதினேழைப் பிடித்திருந்தான், நான் பத்தொன்பதை.
பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.